சம்பந்தி நாற்பத்தேழு அடி நடந்தார்

காலை எட்டரைக்கு போன் அடித்தபோது மில்லிமீட்டர் என்று பேர் வாங்கிய பெரியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது காலைத் தரையில் ஊன்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை அடி?" என்றார் எதிர்முனையில் சம்பந்தி. உடம்பு எப்படி, தூக்கம் வந்ததா என்ற விசாரிப்பெல்லாம் முதல் வாரத்தோடு நின்றுபோயிருந்தது.

அன்று மில்லிமீட்டர் நடந்தது பன்னிரண்டு அடி. கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஆறு, திரும்பி வர ஆறு. அதுவும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பின்னால் மனைவி இரண்டு கைகளையும் நீட்டியபடி வர, நடந்த பன்னிரண்டு.

"நீங்க முதல்ல சொல்லுங்க," என்றார்.

"நாற்பத்தேழு."

"எனக்கு ஐம்பத்திரண்டு."

மனைவி மாத்திரை டப்பாவோடு அறை வாசலில் நின்றிருந்தாள். டப்பாவை வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓசையாக மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மில்லிமீட்டர் என்பது அவருக்குத் தொழிற்சாலை வைத்த பெயர். போல்ட் செய்யும் இடத்தில் முப்பத்தாறு வருஷம் அளவு சரிபார்க்கும் வேலை. கருவியை வைத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டையும் வெளியே விட்டதில்லை. மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் உயரத்தையே டேப் வைத்து அளந்தார் என்று சம்பந்தி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அது அபாண்டம். அவர் அளந்தது கதவு நிலையைத்தான்; மாப்பிள்ளை அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சம்பந்தி அப்படியே நேர் எதிர். தையல் மெஷினிலிருந்து தண்ணீர் பம்ப் வரை ஊர் ஊராகப் போய் விற்றவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவரே சாட்சி. இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் வலது இடுப்பு மூட்டு தேய்ந்தது. இரண்டு ஆஸ்பத்திரிகளில், ஒரே வாரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வெளியூரிலிருந்த மகளும் மாப்பிள்ளையும் யார் பக்கம் போய் நிற்பது என்று தவித்தபோது சம்பந்தி பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்: "என் சம்பந்தி பயந்த சுபாவம். ரெண்டு பேரும் அங்கேயே இருங்க. எனக்கு ஒருத்தரும் வேண்டாம், நாங்களே பார்த்துக்கறோம்."

அந்தப் 'பயந்த சுபாவம்' இருக்கிறதே, அது மில்லிமீட்டருக்கு ஆபரேஷனைவிட ஆழமாக இறங்கியது. போதாக்குறைக்கு, ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவர் கையில் ட்ரிப்ஸோடு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியின் போன் வந்தது. தனக்கும் ஆயிற்று, எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது என்று கணீர்க் குரலில் சொன்னார். பந்தயம் அன்றே ஆரம்பமாகிவிட்டது.

டாக்டர் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார். ஆறு வாரத்துக்கு இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது. தாழ்வான இருக்கை கூடாது. கால்மேல் கால் கூடவே கூடாது. மீறினால் உள்ளே வைத்திருக்கும் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும். 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அப்புறம் மறுபடியும் ஆபரேஷன் மேஜைதான். இரண்டாவது தடவை முதல் தடவை மாதிரி இருக்காது என்றும் சொன்னார். அதிலிருந்து மில்லிமீட்டர் 'டொக்'குக்குக் காது கொடுத்தபடியே வாழ்ந்தார். வீட்டிலுள்ள நாற்காலிகளையெல்லாம் மனைவியை விட்டு அளக்க வைத்து, ஒன்றே ஒன்றுக்குக் கீழே பலகைகள் கொடுத்துப் பத்தொன்பதரை அங்குலத்துக்கு உயர்த்தி வைத்துக்கொண்டார்.

இவ்வளவு கெட்டிக்காரர் போனில் வந்த எண்ணை எப்படி நம்பினார் என்று கேட்கலாம். சம்பந்தி 'ஐம்பது' என்று சொல்லியிருந்தால் புளுகு என்று தள்ளியிருப்பார். அவரோ நாற்பத்தேழு என்றார். எண்களோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியதில் மில்லிமீட்டருக்கு ஒரு தீர்மானம்: பொய் சொல்கிறவன் ஐந்திலோ பத்திலோதான் முடிப்பான், உதிரி எண் சொல்கிறவன் எண்ணிப் பார்த்தவன். தானும் அதனால்தான் ஐம்பத்திரண்டு என்று சொன்னோம் என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் பொய் இல்லையே என்று அன்று மத்தியானம் மனைவி அசந்த நேரம் பார்த்து வாக்கரோடு கிளம்பினார். முப்பத்தெட்டாவது அடியில் கால் நடுங்கியது. நாற்பத்தொன்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை வந்த பிசியோதெரபிஸ்ட், வாரம் மூன்று நாள் வரும் அதிகம் பேசாத பெண், கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. இனி பத்து அடிக்கு மேல் கூடாது என்று சொல்லி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து ஐஸ் பையைக் கட்டிவிட்டுப் போனாள்.

ஆக, பன்னிரண்டு பத்தாகக் குறைந்தது. போனில் அது எழுபத்தொன்பதாக ஏறியது. ஏனென்றால் சம்பந்தி எழுபத்து மூன்றில் இருந்தார்.

நான்காவது வாரம் சம்பந்தி நடையை விட்டுவிட்டுப் படிக்குத் தாவினார். அவர் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பதினோரு படி ஏறினாராம்.

"நானும்தான். பதிமூணு," என்றார் மில்லிமீட்டர், நாக்கை அடக்குவதற்குள்.

"உங்க வீடு தரைத்தளமாச்சே, சம்பந்தி?"

"மாடி வீட்டுப் படி இருக்கே."

"ஒரு போட்டோ அனுப்புங்களேன். பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அதுவும் ஆபரேஷன் செய்த காலை. பிசியோ கொடுத்துவிட்டுப் போன தாளை எடுத்துப் பார்த்தார். 'படி ஏறும்போது: நல்ல கால் முதலில்' என்று படம் போட்டு விளக்கியிருந்தது. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகுதான், ஆள் துணையோடு, என்றும் இருந்தது. அந்த வரியை அவர் வேகமாகக் கடந்தார். மனைவி மருந்துக் கடைக்குப் போகும்வரை காத்திருந்து, மாடி வீட்டு டைலரம்மாவைக் கூப்பிட்டார்.

டைலரம்மா நல்ல மனுஷி. கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக இறங்கி வந்தார். மூன்றே மூன்று படி ஏறுவது, அதற்கும் மேலே ஏறிப் போய் இறங்கி வருகிற மாதிரி ஒரு போட்டோ எடுப்பது, அதோடு சரி என்று மில்லிமீட்டர் திட்டத்தை விளக்கினார். வாக்கர் படிக்குக் கீழேயே நின்றது. கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, உடம்பை இழுத்து, மற்றக் காலைச் சேர்த்து, ஒன்று, இரண்டு, மூன்று. முகத்தில் ஒரு சிரிப்பும் வந்தது. டைலரம்மா மில்லிமீட்டரின் போனிலேயே எடுத்தார். எடுத்த கையோடு சம்பந்தியின் நம்பருக்கு அனுப்பியும் விட்டார். எதையும் தாமதிக்காமல் முடித்துக் கொடுப்பவர் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

"சரி, இறங்குங்க சார்."

மில்லிமீட்டர் கீழே பார்த்தார். இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்பது தாளின் பின்பக்கத்தில் இருந்தது. தாள் கட்டில்மேல் இருந்தது.

நல்ல காலை இறக்கினால் உடம்பின் பாரமெல்லாம் புது மூட்டில் விழும். ஆபரேஷன் காலை இறக்கினால் அது முதலில் தரையைத் தொடும், தாங்குமோ தாங்காதோ. தப்பான காலுக்கு விலை ஒரு 'டொக்'. டைலரம்மா மேலே அயர்ன் பாக்ஸை அணைக்காமல் வந்துவிட்டதாகச் சொல்லி ஓடினார். ஓடுகிற வேகத்தில் இவர் தோளை லேசாக உரசிக்கொண்டு போனார். மில்லிமீட்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். சத்தம் ஏதும் கேட்கவில்லை. வியர்வை மட்டும் முதுகில் இறங்கியது.

நாற்பது நிமிஷம் அப்படியே நின்றார். மனைவி மருந்துப் பையோடு திரும்பி வந்து, படிக்குக் கீழே தனியாக நின்ற வாக்கரைப் பார்த்தாள். அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். திட்டவில்லை. பிசியோவுக்கு போன் செய்தாள்.

பிசியோ வந்து, ஆபரேஷன் கால் முதலில் என்று ஒவ்வொரு படியாக இறக்கிக் கட்டிலில் படுக்க வைத்தாள். மூட்டு நழுவியிருக்கிறதா என்று இரண்டு கால்களின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். மில்லிமீட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"இல்லை."

"உங்க அதிர்ஷ்டம். இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஆஸ்பத்திரியிலேயே படுக்க வெச்சுடுவேன் சார்."

அவள் போன பிறகு மனைவி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்," என்றாள். "கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்னேன். இன்னொரு தடவை என்னால முடியாதுங்க. சத்தியமா முடியாது."

மில்லிமீட்டருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. விடிந்ததும் சம்பந்தியிடம் உண்மையைச் சொல்லித் தலைமுழுகிவிடுவது என்று முடிவு செய்தார்.

விடிந்தது. போனும் வந்தது. ஆனால் சம்பந்தியின் குரல் என்றும் போல் இல்லை. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாராம். முகத்தில் வலியின் சாயலே இல்லையாம். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்வி கேட்டார். தையல் எத்தனை நாள் இழுத்தது? முதல் தடவை எழுந்து நின்றபோது தலை சுற்றியதா? முதுகில் மயக்க ஊசி போட்டபோது எப்படி இருந்தது? தன் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கேட்பதாகச் சொல்லிக்கொண்டார்.

சோதிக்கிறான் மனுஷன், பொய்யில் பொத்தல் தேடுகிறான் என்று மில்லிமீட்டர் நினைத்தார். அளவு பார்க்கிறவனையே ஒரு விற்பனைக்காரன் அளவு பார்ப்பதா? ராத்திரி எடுத்த முடிவு காற்றில் போயிற்று.

"ஊசியா? எப்போ போட்டாங்கன்னே தெரியலை சம்பந்தி."

"அப்படியா?" என்றார் சம்பந்தி. மறுபடியும், "அப்படியா?" என்றார். பிறகு சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்தரம் நாலு மணிக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நீங்க நடக்கறதை நான் கண்ணால பார்க்கணும்."

புலிவாலைப் பிடித்தவன் நிலைமைதான், விடவும் முடியாது. ஐந்தாவது வாரம் முடியும் ஞாயிறு வந்தது. மனைவி கையை விரித்துவிட்டாள். வந்தவர்களுக்கு டீ போடுவேன், பொய்க்குத் துணை நிற்க மாட்டேன், பிசியோவின் நம்பரை மட்டும் கையில் வைத்திருப்பேன் என்றாள்.

மில்லிமீட்டர் தனியாகவே காரியத்தில் இறங்கினார். உயர்த்தி வைத்த நாற்காலி ஊருக்கே சேதி சொல்லிவிடும் என்று டைலரம்மாவைக் கூப்பிட்டு அதைச் சமையலறைக்குள் தள்ள வைத்தார். வாக்கர் குளியலறைக் கதவுக்குப் பின்னால் போனது. அலமாரியில் சாய்ந்தபடி தற்செயலாகப் புத்தகம் பார்க்கிறவர் போல் நிற்பது, அவர்கள் வந்ததும் நான்கு அடி நடந்து கை குலுக்குவது, பிறகு மறுபடியும் அலமாரி. நான்கு அடியை மனசுக்குள் இருபது தடவை நடந்து பார்த்தார்.

நாலு மணி என்றவர்கள் மூன்று நாற்பதுக்கே வந்துவிட்டார்கள். அழைப்பு மணி அடித்தபோது மில்லிமீட்டர் அலமாரியை நோக்கிப் பாதி வழியில், பிடிக்க ஒன்றுமில்லாமல், கூடத்தின் நடுவில் நின்றார். கால் நடுங்க ஆரம்பித்தது. கைக்கு எட்டியது சோபாவின் கைப்பிடி ஒன்றுதான். பதினைந்து அங்குல உயரம். அளந்த இருக்கைகளின் பட்டியலில் முதல் எதிரி.

விழுவதைவிட உட்காருவது மேல். வலது காலை முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு மாதிரி சரிந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு தன் இடுப்பைப் பார்த்தார். கோணத்தைக் கண்ணாலேயே சொல்லக்கூடியவர். தொண்ணூறைத் தாண்டவில்லை, தொட்டுக்கொண்டிருந்தது. இனி எழுந்திருக்க வேண்டுமானால் முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் தாண்டிவிடும்.

சம்பந்தி உள்ளே வந்தார். கையில் ஒரு தடி இருந்தது, ஆனால் அதைத் தரையில் ஊன்றவில்லை. கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாலும் நடந்தே வந்தார். பின்னால் வந்த சம்பந்தியம்மா வணக்கம் சொன்ன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மில்லிமீட்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ வேண்டுதல் போல.

எதிரே இருந்த தாழ்வான மோடாவில் சம்பந்தி உட்கார்ந்தார். முகத்தை லேசாகச் சுளித்துக்கொண்டு கால்மேல் கால் போட்டார். ஐந்தே வாரத்தில் கால்மேல் கால். டீயோடு வந்த பிஸ்கட்டில் ஒன்று தரையில் விழுந்தது. சம்பந்தி முனகிக்கொண்டே குனிந்து அதை எடுத்தார். மில்லிமீட்டர் மூச்சை நிறுத்தி அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தார். வரவே இல்லை. இந்த மனுஷனை எந்த டாக்டர் அறுத்தார், எந்தக் கடையில் மூட்டு வாங்கினார் என்று பொறாமையாக இருந்தது.

"எங்கே, எழுந்து ஒரு நடை நடந்து காட்டுங்க," என்றார் சம்பந்தி.

மில்லிமீட்டர் டீ ஆறிவிடும் என்றார். டீ குடித்தானது. பேரக்குழந்தையின் பல் முளைத்த விவரம் கேட்டார். அதுவும் இரண்டு பல்லோடு முடிந்தது. சம்பந்தி நடையிலிருந்து நகர்வதாக இல்லை. கண்கள் இவர் காலிலேயே குத்தி நின்றன.

சரி, நடப்பது நடக்கட்டும். இரண்டு கைகளையும் சோபாவில் ஊன்றி அழுத்தினார். உடம்பு இரண்டு அங்குலம் எழுந்தது. தலை முன்னால் போனது. தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் உள்ளே ஏதோ ஒன்று இழுத்தது, கயிறு முறுகுகிற மாதிரி. அவர் அசையாமல் நின்றார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நெற்றியில் வியர்வை பூத்தது.

மனைவியின் கையிலிருந்த தட்டு மேஜைமேல் விழுந்தது. "வேண்டாங்க," என்று ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தாள். "என்னங்க, வேண்டாம்." அவள் விரல்கள் நடுங்குவது சட்டைக்குள் தெரிந்தது. அந்த நடுக்கத்தில் தியேட்டர் வாசலின் மூன்று மணி நேரமும் இருந்தது.

மில்லிமீட்டர் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். மானம் போனால் போகட்டும், மூட்டு இருக்கட்டும் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

"என்னால எழுந்திருக்க முடியாது சம்பந்தி," என்றார். "நான் நடக்கறது பத்து அடி. அதுவும் வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு. ஐம்பத்திரண்டு, எழுபத்தொன்பது எல்லாம் புளுகு. நீங்க சொன்னதைவிட ஒண்ணு கூடச் சொல்லணும்னு சொன்னேன்."

சம்பந்தி சிரிக்கப்போகிறார் என்று காத்திருந்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. மேலே கிடந்த கால் கீழே இறங்கியது.

"அப்போ அந்தப் படி?"

"மூணு படி. இறங்கத் தெரியாம நாற்பது நிமிஷம் நின்னேன்."

"முதுகுல போட்ட ஊசி?"

"கத்தின கத்துல பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்தாங்க. நீங்கதான் சம்பந்தி தைரியசாலி. நான் பயந்த சுபாவம்தான், ஒத்துக்கறேன்."

சம்பந்தியின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ வடிந்துவிட்டது. டீ கிளாஸைத் தரையில் வைத்தார். மோடாவைப் பிடித்து எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், தடியைக்கூட எடுக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கித் தாங்கித் தாங்கி வேகமாக நடந்தார். மகனுக்கு போன் போட்டு வெற்றியைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது, வெளியே போய்ச் சொல்லப்போகிறார் என்று மில்லிமீட்டர் நினைத்தார். சொல்லட்டும். மனைவி சமையலறைக்குப் போய் உயர நாற்காலியை இழுத்து வந்தாள், முகத்தில் ஐந்து வாரமாகக் காணாத நிம்மதி.

சம்பந்தியம்மா மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"போச்சு," என்றார். "ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்லேர்ந்தே திரும்பி ஓடி வந்த மனுஷன், உங்க கணக்கைக் கேட்டுக் கேட்டு மனசு மாறி, நாளைக்குக் காலையில போய்ப் பண்ணிக்கறேன்னு ஒத்துக்கிட்டிருந்தாரு."